எட்டு எண்ணும் வரைக்கும்

நவம்பர் 19

ஆஸ்பத்திரி நர்ஸ் நூர்ஜகான் சிஸ்டர் எழுதச் சொன்னாங்க. எழுதறேன்.

இது நூல் கடையில போன வருசம் இனாமாக் குடுத்த டைரி. கிழமை ஒத்து வராது, தேதியை மட்டும் பார்த்துக்கறேன். நான் ஆறாவது வரைக்கும்தான் படிச்சேன். தப்பு இருந்தா இருக்கட்டும். யாரும் படிக்கப் போறதில்லை.

என் பேரு தெய்வானை. குமாரபாளையத்துல தறிப்பட்டறையில ஆறு தறி ஓட்டறேன். எங்க வீட்டுக்காரர் சரக்கு ஆட்டோ வெச்சிருக்கார். எனக்கு ரெண்டு பொண்ணுங்க. எத்தனை புள்ளைன்னு யார் கேட்டாலும் ரெண்டுன்னுதான் சொல்லுவேன். மூத்தவ சுகன்யா, பத்தொம்பது வயசு. அக்டோபர் பதினாலாம் தேதி டெங்கு காய்ச்சல்ல போயிட்டா. சின்னவ மிதுனா. எட்டாவது படிக்கறா.

மிதுனாவுக்குப் புருவத்துல மூணு தையல். கை பட்டிருச்சு. தையல் பிரிக்கத்தான் இன்னிக்கு சிஸ்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். பிரிச்சு முடிச்சுட்டு, "போய் எடை பாரு கண்ணு"ன்னு அவளை வெளிய அனுப்பிட்டாங்க. அப்புறம் என்னைப் பார்த்தாங்க.

"அக்கா, கை பட்டா இப்படிக் கிழியாது."

நான் கதவைப் பார்த்தேன்.

"பல்லை விடுங்க. கடிச்சு வெச்சிருக்கீங்க. தாடையெல்லாம் கல்லு மாதிரி நிக்குது பாருங்க."

அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது, நான் பல்லைக் கடிச்சுட்டு இருக்கேன்னு. எத்தனை நாளா கடிச்சுட்டு இருக்கேனோ. விட்டா காதுக்குப் பக்கத்துல வலிச்சுது.

நாலு எண்ணி மூச்சை உள்ள இழு, எட்டு எண்ணி வெளிய விடு, சுடு கஞ்சியை ஊதற மாதிரி மெதுவா விடுன்னு சொல்லிக் குடுத்தாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. ஊதினா என் புள்ள வந்துருவாளான்னு கேட்டேன்.

"வர மாட்டா. இருக்கற புள்ளைக்காக ஊதுங்க."

வேற யாராச்சும்னா "மனசைத் தேத்திக்கோ"ன்னு ஆரம்பிச்சிருப்பாங்க. இவங்க நேரா சொன்னாங்க. அதனாலதான் எழுந்து வராம உக்காந்திருந்தேன்.

இன்னொண்ணும் எழுதோணும். என் நாத்தனா சம்பூரணம் கோபியில இருக்கு. அரைப்பரீட்சை முடிஞ்சு டிசம்பர் இருபத்திநாலாம் தேதி வந்து மிதுனாவைக் கூட்டிட்டுப் போயிருமாம். அங்கயே பள்ளிக்கூடத்துல சேர்த்து விட்ருமாம். இவரு தலையாட்டிட்டார். என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கலை.

நவம்பர் 20

ஊதினேன். ஒண்ணும் ஆகலை.

நவம்பர் 22

தறி ஓட்டிக்கிட்டே மூச்சு எண்ணிப் பார்த்தேன். பட்டறையில மூக்கைத் திறந்தாலே பஞ்சு. நாலு எண்றதுக்குள்ள தும்மல் வந்துருச்சு. எதிர் வரிசையில தறி ஓட்டற மாராயி, "என்னடி ஊதறே, வயித்து வலியா?"ன்னு கேட்டா.

கேட்டான்னா சத்தமா இல்லை, வாயசைச்சா. தறி ஓடறப்ப பக்கத்துல இடி விழுந்தாலும் காது கேக்காது. உதட்டைப் பார்த்துத்தான் நாங்க பேசிக்குவோம். எதிர் மூலையில இருந்து ஊர்க்கதை பூரா பேசிருவா மாராயி. என் புள்ளைங்க ரெண்டும் தறிக்குப் பக்கத்துல தூளி கட்டி வளர்ந்ததுங்க. வாய்ப்பேச்சு வர்றதுக்கு முன்னாடியே உதட்டுப் பேச்சு வந்துருச்சு.

"மூச்சுப் பயிற்சி"ன்னேன்.

"ரெண்டாவது தறியில நூல் அறுந்து கெடக்கு, அதைப் பாரு முதல்ல"ன்னா.

நவம்பர் 25

துக்கம் விசாரிக்க இன்னும் ஆளுங்க வந்துட்டுத்தான் இருக்காங்க. இன்னிக்கு வந்த ஒருத்தி, "நல்லவங்களைக் கடவுள் சீக்கிரம் கூப்பிட்டுக்குவாரு"ன்னா.

"அப்ப உன்னை ஏன் இன்னும் விட்டு வெச்சிருக்காரு?"ன்னு கேட்டேன்.

காப்பியைக் குடிக்காமலே போயிட்டா. மிதுனா உள்ள இருந்து எட்டிப் பார்த்தா. சிரிச்ச மாதிரி இருந்துச்சு. நான் பார்த்ததும் முகத்தை மாத்திக்கிட்டா.

நவம்பர் 28

சிஸ்டர் சொன்ன இன்னொண்ணு, பச்சைத் தண்ணி. கோபம் தலைக்கு ஏறினா முகத்தை ஜில்லுத் தண்ணியில முக்கி, கொஞ்ச நேரம் மூச்சைப் பிடிச்சிருந்தா நெஞ்சுப் படபடப்பு இறங்குமாம்.

இன்னிக்கு அக்காவோட துப்பட்டாவைப் போட்டுட்டுக் கிளம்பினா மிதுனா. சுகன்யாவோட பச்சைத் துப்பட்டா. துப்பட்டாவைப் பிடுங்கத்தான் கை போச்சு. அப்படியே திரும்பி, நேரா பாத்ரூமுக்குப் போய், பக்கெட்டுல முகத்தை முக்கிட்டேன்.

நெசமாவே இறங்குச்சு. காதுக்குள்ள அடிச்சுட்டிருந்தது மெதுவாச்சு. அவ்வளவு நாளைக்கு அப்புறம் உள்ள ஒரு அமைதி. அந்த நேரம் பார்த்து என் முடியைக் கொத்தாப் பிடிச்சு யாரோ வெளிய இழுத்தாங்க.

மிதுனா. முகம் வெளுத்துப் போய் நிக்கறா. "அம்மா வேண்டாம்மா, வேண்டாம்மா"ன்னு கத்தறா. நான் சாகப் பார்க்கறேன்னு நினைச்சுட்டா.

"சிஸ்டர் சொன்னாங்கடி, இது பயிற்சிடி"ன்னு சொல்றேன். காதுலயே வாங்கலை. துப்பட்டாவைக் கழட்டி மடிச்சு, பீரோவுல வெச்சுட்டுப் பள்ளிக்கூடம் போயிட்டா.

எனக்குத் தலைமுடி ஒரு கை அளவு பிடுங்கிட்டு வந்துருச்சு. நல்லா பயிற்சி சொல்லிக் குடுத்தாங்க சிஸ்டர்.

டிசம்பர் 1

கை பட்டிருச்சுன்னு எழுதியிருக்கேன். படிச்சுப் பார்த்தேன், அது பொய். சிஸ்டர் சொன்ன மாதிரி, கை பட்டாக் கிழியாது.

நவம்பர் பதிமூணு. சுகன்யாவுக்கு முப்பதாம் நாள் கும்பிட்ட அன்னிக்கு. மிதுனா ஊடை நூலைக் கட்டையில தார் சுத்தற ராட்டைக்கிட்ட உக்காந்து, போன்ல எதையோ பார்த்துட்டுச் சிரிச்சா. பதிமூணு வயசுப் புள்ள, ஏதோ நாய்க்குட்டி வீடியோ. நான் கையில இருந்த தார்க்கட்டையை விட்டு எறிஞ்சேன். குறி பார்த்துத்தான் எறிஞ்சேன். இழை சுத்தின கட்டை, கனமா இருக்கும். புருவத்துல பட்டுச்சு. ஒரு விரக்கடை கீழ பட்டிருந்தா கண்ணு.

எறிஞ்சதோட நிக்கலை. ஒரு வார்த்தையும் சொன்னேன். அதை இங்க எழுத மாட்டேன்.

அந்த நாள்ல இருந்து அவ என்கிட்ட, "சாப்பாடு போடு, ஃபீஸ் கட்டோணும், சரி" அவ்வளவுதான் பேசறா.

டிசம்பர் 2

சுவத்தைத் தள்ளறது. ரெண்டு கையையும் வெச்சு, காலை நல்லா ஊனி, இருக்கற பலத்தையெல்லாம் குடுத்துத் தள்ளோணும். பத்து எண்ணிட்டு விட்றோணும். அடிக்கோணும்னு கையில வர்ற வேகம் சுவத்துக்குப் போயிருமாம்.

தள்ளிட்டு இருக்கறப்ப இவரு வந்தார். "ஏன், வீட்டைத் தெற்கால நகத்தறியா?"

"உங்க அக்காவைத் தள்ளறேன்னு நினைச்சுத் தள்ளறேன்"னேன்.

"அது என்ன பண்ணுச்சு உன்னை? உன் கையில இருந்து புள்ளையைக் காப்பாத்தோணும்னு நினைக்குது."

"நீங்க காப்பாத்தறதுதானே?"

"நான் ஆட்டோ ஓட்டப் போனதும் வீட்டுல யாரு இருக்கா?"

இன்னும் கொஞ்ச நேரம் சுவத்தைத் தள்ளினேன். உள்ளங்கையில சுண்ணாம்பு ஒட்டிக்கிச்சு. அவரு சோறு போட்டுச் சாப்பிட்டார், எனக்கும் ஒரு தட்டுல போட்டு மூடி வெச்சார். அதுவும் எனக்குக் கோபம்தான். திட்டிட்டு ஏன் சோறு போட்டு வெக்கோணும்?

டிசம்பர் 3

சீப்பு எடுக்கக் கையைத் தூக்கினேன். மிதுனா முகத்தை மூடிக்கிட்டா.

டிசம்பர் 6

திரும்ப சிஸ்டர்கிட்டப் போனேன். உங்க பயிற்சியால என் முடி போச்சுன்னு பக்கெட் கதையைச் சொன்னேன். வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க. அப்புறம் கண்ணு கலங்கிருச்சு.

"புள்ளைகிட்ட முன்னாடியே சொல்லிட்டுப் பண்ணுங்கக்கா. உங்களைப் பார்த்துப் பயந்து போயிருக்கா."

நான் ஒண்ணு கேட்டேன். "இதெல்லாம் பண்ணி என் கோபம் போயிருச்சுன்னா? அப்புறம் என் புள்ளைக்குன்னு என்கிட்ட என்ன இருக்கு?"

"கோபத்தைப் போகச் சொல்லலைக்கா. அது இருக்கட்டும். அது கைக்கு வர்றதுக்கு நடுவுல கொஞ்சம் இடம் விடுங்கன்னுதான் சொல்றேன்."

இன்னிக்குச் சொல்லிக் குடுத்தது உடம்பை உதறறது. நாய் துரத்தின ஆடு தப்பிச்சு வந்தா நின்னு ஒரு உதறு உதறுமே, அப்படி. கை, தோளு, காலு எல்லாத்தையும். சிஸ்டர் அந்த வெள்ளைக் கோட்டோட, கண்ணாடி மூக்குல இருந்து வழுகி விழற அளவுக்கு உதறிக் காட்டினாங்க. மனுசனுக்கு மட்டும்தான் உதறினா யார் என்ன நினைப்பாங்களோன்னு இருக்கு, அதனால எல்லாம் உள்ளயே தங்கிப் போகுதுன்னாங்க.

பட்டறையில டீ நேரத்துல பின்னாடி போய் உதறினேன். மாராயி டம்ளரோட வந்து நின்னா.

"சாமி வந்துருச்சா? எந்த சாமி? கேட்டு வெச்சுக்கோ, எனக்கு ஒரு விசயம் கேக்கோணும்."

"உன் வாயை அடக்கற சாமி."

"அப்படிச் சாமி இன்னும் பொறக்கலை."

ஒரு நிமிசம் சிரிச்சுட்டேன். சிரிச்சதுக்கு அப்புறம் சாயங்காலம் வரைக்கும் என் மேலயே எரிச்சல். மிதுனா சிரிச்சதுக்குக் கட்டையை எறிஞ்சவ, நான் மட்டும் சிரிக்கலாமா?

டிசம்பர் 8

இன்னிக்கு ஒண்ணு கண்டுபிடிச்சேன்.

வாயை மூடிட்டு 'ம்ம்ம்'னு நீட்டி முனகறது ஒண்ணு இருக்கு. நெஞ்சு, தொண்டையெல்லாம் அதிரும், அது உடம்பை இளக்கும்னு சிஸ்டர் சொன்னாங்க. வீட்டுல முனகினா இவரு பல்லு வலியான்னு கேப்பார். பட்டறையில பண்ணிப் பார்த்தேன். ஆறாவது தறி கடைசிச் சுவத்தை ஒட்டி இருக்கு. தறிக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு ஆள் நிக்கற இடம். தார் மாத்தறாப்பல அங்க போய், சுவத்தைப் பார்த்து நின்னுக்கிட்டு முனகினேன்.

என் சத்தம் எனக்கே கேக்கலை. நெஞ்சுல மட்டும் அதிருது. இன்னும் கொஞ்சம் சத்தமா முனகினேன். இன்னும். அப்புறம் வாய் தானாத் திறந்துக்கிச்சு.

கத்தினேன். ஐம்பத்தஞ்சு நாளா கத்தாதது. அடிவயித்துல இருந்து கத்தினேன். ஒரு ஈ காக்காய்க்குக் கேக்கலை. முப்பத்தாறு தறி ஓடுது. திரும்பி வந்து நாலாவது தறியில அறுந்த இழையை முடிச்சுப் போட்டேன். முடிச்சு ஒரே தரத்துல விழுந்துச்சு.

டிசம்பர் 10

தினமும் ரெண்டு தரம் சுவத்துக்கிட்டப் போறேன். இப்ப வார்த்தையாவே வருது.

முதல்ல இவரைத் திட்டினேன். அப்புறம் சம்பூரணத்தை. சுகன்யாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனப்ப "ஏம்மா இவ்வளவு லேட்டாக் கொண்டு வந்தீங்க"ன்னு கேட்ட டாக்டரை. தொட்டித் தண்ணியை, சாக்கடையை, கொசுவை, மழையை. கும்பிட்ட சாமியெல்லாம் ஒண்ணு விடாமத் திட்டினேன். கெட்ட வார்த்தையெல்லாம் சொன்னேன். எனக்கு இவ்வளவு தெரியும்னு எனக்கே தெரியாது.

கடைசியா ஒரு பேரு வருது. அந்த ஆளைத் திட்டறப்பதான் தொண்டை கிழியுது. அந்தப் பேரு இங்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்தா பசிக்குது. ராத்திரி தூக்கம் வருது. மிதுனா சட்னிக் கிண்ணத்தைக் கொட்டிட்டா இன்னிக்கு. கொட்டிட்டு அப்படியே சிலை மாதிரி நின்னா. நான் பல்லை விட்டேன், எட்டு எண்ணி ஊதினேன், துணி எடுத்துத் தொடச்சேன். அவ நம்பலை. அடி எப்ப விழும்னு பார்த்துட்டே இருந்தா.

டிசம்பர் 13

சம்பூரணம் போன் பண்ணுச்சு. பள்ளிக்கூடத்துல பேசிட்டேன், சீட்டு இருக்கு, டிசி மட்டும் வாங்கி வைன்னுச்சு. நான் புள்ளையைத் தர மாட்டேன்னேன்.

"தெய்வானை, ஒண்ணைத்தான் கவனிக்காம விட்டுட்டே. இன்னொண்ணையாச்சும்..."

வெச்சுட்டேன். ரெண்டு கையையும் இறுக்கி மூடி, திறந்து, இறுக்கி மூடி, திறந்து இருபது தரம் பண்ணினேன். யாரையும் அடிக்கலை. ஒரு எவர்சில்வர் டம்ளர் மட்டும் நசுங்கிருச்சு.

டிசம்பர் 16

எழுதறதுக்கு முன்னாடி உதறிட்டு வந்து உக்காந்திருக்கேன்.

அரைப்பரீட்சை நடக்குது. மிதுனாவுக்குக் காலையில மட்டும் பரீட்சை. ஒரு மணிக்கு எனக்குச் சாப்பாட்டுத் தூக்கைக் கொண்டாந்து பட்டறை வாசல்ல வெச்சுட்டுப் போயிருவா. உள்ள வர மாட்டா. மாராயிதான் எடுத்துட்டு வந்து குடுப்பா.

இன்னிக்கு ஒரு மணிக்கு முன்னாடி சுவத்துக்கிட்டப் போய் நின்னேன். வழக்கம் போல எல்லாரையும் திட்டி முடிச்சுக் கடைசிப் பேருக்கு வந்தேன். அது என் பேருதான். தெய்வானை.

நான் கத்தினதை அப்படியே எழுதறேன். "நான்தான் கொன்னேன். தலை வலிக்குதும்மான்னா. வயிறு வலிக்குதும்மான்னா. நடிக்காதடின்னேன்."

மிதுனாவுக்குத்தான் முதல்ல காய்ச்சல் வந்துச்சு. அஞ்சு நாள் ஆஸ்பத்திரியில அவகூடயே இருந்தேன். சுகன்யாதான் சமைச்சுக் கொண்டாந்து குடுத்தா, தார் சுத்தினா, துணி தொவைச்சா. மிதுனா வீட்டுக்கு வந்த மறுநாள் இவளுக்குக் காய்ச்சல். மாத்திரை குடுத்தேன். நாலாவது நாள் காலையில தொட்டுப் பார்த்தா உடம்பு ஜில்லுன்னு இருந்துச்சு. காய்ச்சல் விட்டிருச்சுன்னு நினைச்சேன். காய்ச்சல் இறங்கறப்பதான் அந்த நோவுக்கு ஆபத்தே அதிகம்னு அப்புறம்தான் டாக்டர் சொன்னார். எனக்குத் தெரியலை. அஞ்சு நாள் வேலைக்குப் போகலை, இனியும் போகலைன்னா தறியை வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. எழுந்திருக்கவே முடியலைம்மான்னா. "காய்ச்சல்தான் விட்டிருச்சே, தார் சுத்தறதுக்குச் சோம்பேறித்தனம், நடிக்காதடி"ன்னு சொல்லிட்டுப் பட்டறைக்கு வந்துட்டேன். மத்தியானம் இவரு போன் பண்ணினார்.

நான் அவகிட்டக் கடைசியாச் சொன்னது அது.

இதையெல்லாம் சுவத்தைப் பார்த்துக் கத்திட்டு இருக்கேன். அந்தச் சுவத்துல ஒரு ஜன்னல் இருக்கு. பதினோரு வருசமா அந்த ஜன்னல் எனக்குத் தெரியும். கம்பி வலையில பஞ்சு அடைஞ்சு அடைஞ்சு அதுவும் சுவரு மாதிரியே ஆயிருச்சு. இன்னிக்கு நிமிர்ந்து பார்த்தா அந்தப் பஞ்சுல உள்ளங்கை அளவுக்குத் தொடச்சிருக்கு. அதுக்கு அந்தப் பக்கம் மிதுனா முகம்.

காதுக்குத்தான் நான் பயந்தேன். தறிக்காரி நான், உதட்டை மறந்துட்டேன்.

எத்தனை நாளா நிக்கறாளோ. பரீட்சை ஆரம்பிச்சதுல இருந்தே நின்னிருப்பா போல. அவ உதடு அசைஞ்சுது.

"என்கிட்டயும் சொன்னா."

என்னன்னு கேட்டேன்.

"அக்கா. நீ போனதுக்கு அப்புறம் என்கிட்டயும் சொன்னா. தண்ணி வேணும், வயிறு ரொம்ப வலிக்குதுன்னா. எனக்கே உடம்பு முடியலை, சும்மா படுன்னு சொன்னேன். அப்பாவைக் கூப்பிட்டிருக்கலாம். போன் பக்கத்துலதான் இருந்துச்சு. கூப்பிடலை."

கையில இருந்த தார் கீழ விழுந்துச்சு.

"நீ சொன்னது சரிதாம்மா"ன்னா. "என்னோடயே போயிருக்கலாம்."

முப்பதாம் நாள் அன்னிக்கு நான் அவளைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அதுதான். "உனக்குத்தானே முதல்ல வந்துச்சு. உன்னோடயே போயிருக்கக் கூடாதா?" பெத்த புள்ளையைப் பார்த்துச் சொன்னேன். அவ அதை ஒரு மாசமா உள்ள வெச்சுக்கிட்டு, பரீட்சை எழுதிக்கிட்டு, எனக்குச் சோறு கொண்டாந்து வெச்சிருக்கா.

இல்லைன்னு வாயசைச்சேன். இல்லைடி, இல்லைடின்னு எத்தனை தரம் சொன்னேன்னு தெரியாது. வலையில கையை வெச்சேன். அவ கையை வெக்கலை. திரும்பிப் போயிட்டா.

நான் திரும்பினா ஆறுல மூணு தறி நின்னு கெடக்கு. மாராயி என் தறியையும் சேர்த்து ஓட்டிட்டு இருக்கா. ஒண்ணும் கேக்கலை அவ. மாராயி ஒண்ணும் கேக்காம இருந்தது எனக்குத் தெரிஞ்சு இதுதான் முதல் தடவை.

டிசம்பர் 17

சுவத்துக்கிட்டப் போகலை.

டிசம்பர் 20

வீட்டுல ஒருத்தரை ஒருத்தர் பார்க்கறோம், பேச வரலை. அமைதியான இடத்துல பேசற அளவுக்கு எங்களுக்குத் தைரியம் இல்லை.

இன்னிக்குச் சாயங்காலம் மிதுனா சமையக்கட்டுக்கு வந்து மிக்ஸியைப் போட்டா. ஜார்ல ஒண்ணுமே இல்லை, சும்மா ஓடுது. என்னைப் பார்த்து வாயசைச்சா.

"அத்தை வீட்டுக்கு நான் போகோணும்னு நினைக்கறியா?"

"இல்லை."

"என்னைப் பார்த்தா உனக்குக் கோபம் வருதா?"

பொய் சொல்லலாம்னுதான் நினைச்சேன். "வருது. உன் மேல இல்லை. ஆனா உன்னைப் பார்க்கறப்ப வருது."

அவ தலையாட்டினா. "எனக்கும் உன்னைப் பார்த்தா வருது"ன்னா.

கூடத்துல இருந்து இவரு கத்தினார், "என்னத்தைடி அவ்வளவு நேரம் அரைக்கறீங்க?"

"கல்லை"ன்னேன்.

டிசம்பர் 24

சம்பூரணம் பத்து மணிக்கே வந்துருச்சு. ஒரு கூடை கொய்யாப்பழம். மிதுனாவுக்குப் புதுச் செருப்பு. அதோட நல்ல மனசு எனக்குத் தெரியாம இல்லை. அதுக்கு ரெண்டும் பையன்கள். சுகன்யாவைத் தூக்கினப்ப ரோட்டுல விழுந்து புரண்டது அதுதான். நான் நின்னுட்டே இருந்தேன்.

"தெய்வானை, நான் சண்டைக்கு வரலை. இனிமேல் கை ஓங்க மாட்டேன்னு மூத்தவ மேல சத்தியம் பண்ணு. இப்பவே பஸ் ஏறிப் போயிடறேன்."

இவரு என்னைப் பார்த்தார். பண்ணிருன்னு கண்ணு சொல்லுது.

"பண்ண மாட்டேன் அண்ணி."

"ஏன்?"

"கோபம் வரும். நேத்துக்கூட வந்துச்சு. எட்டு எண்றதுக்குள்ள வாசலுக்குப் போயிட்டேன். நாளைக்கு அஞ்சுலயே கை நீண்டாலும் நீளும். நாப்பத்தி ஒரு நாள் அடிக்காம இருந்திருக்கேன். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும். அவ பேருல பொய்ச் சத்தியம் பண்ண முடியாது."

"அப்ப எப்படி நான் விட்டுட்டுப் போறது?"

"என்னை யாராச்சும் கேட்டீங்களா?"ன்னு ஒரு சத்தம். மிதுனா. மிக்ஸி ஓடலை, தறி ஓடலை. வாய் விட்டுக் கேட்டா. மூணு பேரும் திரும்பினோம்.

"லீவுக்கு வர்றேன் அத்தை. பள்ளிக்கூடத்துக்கு இல்லை. ஒண்ணாம் தேதி அம்மா வந்து கூட்டிட்டு வரோணும். அப்பா இல்லை, அம்மா." பையைத் தோளுல மாட்டிக்கிட்டா. என்னைப் பார்க்காமயே, "அங்க போனதுக்கு அப்புறம் வரோணும்னு தோணலைன்னா வர மாட்டேன்"னா.

போயிட்டா.

டிசம்பர் 26

மூச்சு எண்றேன். நாலு. எட்டு. நாலு. எட்டு. இதுக்கு முன்னாடி கோபத்துக்கு எண்ணினேன். இப்ப பயத்துக்கு எண்றேன்.

டிசம்பர் 29

இவரு மிதுனாவுக்குப் போன் பண்ணிக் குடுத்தார். "சாப்பிட்டியா?"ன்னேன். "ம்"னா. "வர்றியா?"ன்னு கேக்க வாய் வந்துச்சு. கேக்கலை.

ஜனவரி 1

தோள் ரெண்டும் வலிக்குது. எழுத முடியலை. ஆனாலும் எழுதோணும்.

ஒன்பது மணிக்கெல்லாம் கோபியில இருந்தேன். சம்பூரணம் வீட்டுத் திண்டுல மிதுனா உக்காந்திருந்தா. பை பக்கத்துல இருந்துச்சு. கட்டின பையா, பிரிச்ச பையான்னு தெரியலை. சம்பூரணம் இட்லி வெச்சுது. "இருக்கச் சொல்லித்தான் எட்டு நாளா கேட்டேன். வாயே திறக்கலை. நீயே கேட்டுக்கோ"ன்னுச்சு.

நான் கேக்கலை. இட்லியைச் சாப்பிட்டேன். மிதுனா எழுந்து பையை எடுத்துக்கிட்டு முன்னாடி நடந்தா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ரெண்டு பேருக்கும் நடுவுல பத்தடி.

பவானி பஸ் நின்னுச்சு. நான் படியில காலை வெச்சேன். அவ ஏறலை.

"ஏன் சொன்னே?"ன்னு கேட்டா.

இறங்கிட்டேன்.

"ஏன் அப்படிச் சொன்னே? மனசாரச் சொன்னியா?"

பஸ் ஸ்டாண்டு பூராவும் ஆளு. வருசப் பொறப்புன்னு கோயிலுக்குப் போற கூட்டம். ஒரு தறி இல்லை, ஒரு மிக்ஸி இல்லை. நான் நாலு எண்ணலை, எட்டு எண்ணலை. சொன்னேன்.

"அந்த நிமிசம் மனசாரத்தான் சொன்னேன். அடுத்த நிமிசம் நாக்கை அறுத்துக்கலாம்னு இருந்துச்சு. ரெண்டுமே நெசம்."

அவ பையைக் கீழ போட்டா. என்னை அடிச்சா. முதல்ல தோளுல ஒரு அடி, திறந்த கையால. அப்புறம் ரெண்டு கையையும் மடக்கிக்கிட்டு, தோளு, நெஞ்சு, கைன்னு மாறி மாறி. "நான் என்ன பண்ணினேன்? எனக்குக் காய்ச்சல் வந்தது என் தப்பா? நான் சாகலைன்னா அது என் தப்பா? அவ எனக்கும் அக்காதானே? எனக்கும் அக்காதானே?" ஒவ்வொண்ணுக்கும் ஒரு அடி. வேட்டி கட்டின ஒரு பெரியவர் ஓடி வந்து அவ கையைப் பிடிச்சார்.

"ஏம்மிணி, பெத்தவளைக் கை நீட்டறியே, அறிவிருக்கா?"

"கையை விடுங்க"ன்னேன்.

"உனக்காகத்தாம்மா சொல்றேன்."

"எனக்காக ஒண்ணும் சொல்ல வேண்டாங். புள்ள கையை விட்டுட்டு உங்க பஸ்ஸைப் பாருங்க."

விட்டார். கலிகாலம்னு முனகிக்கிட்டே போனார்.

கண்டக்டர் விசிலை ஊதிட்டே, "அக்கா, ஏறறீங்களா இல்லையா? அடுத்த வண்டிக்கு முக்கால் மணி நேரம் ஆகும்"னார்.

மிதுனாவைப் பார்த்தேன். மூச்சு வாங்குது. மூக்கு ஒழுகுது. புருவத்துத் தழும்பு செவந்து கெடக்கு. கை இன்னும் மடக்கினபடியேதான் இருக்கு.

"நீங்க போங்க"ன்னு கண்டக்டர்கிட்டச் சொல்லிட்டு, மிச்ச அடிக்கு அவளுக்கு நேரா நின்னுக்கிட்டேன்.